செவ்வுக் கணக்கு

நுழையும்முன்

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்து வாங்கியோரும் விற்றோரும் ஒரு கணக்கைக் கைக்கொண்டிருந்தனர். முத்துகளின் எடையை அதே எடையால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது அக்கணக்கு. அவ்வாறு கிடைக்கும் எண்ணுக்குச் செவ்வு என்று பெயர். எடையை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும்? எண்ணிக்கையால் ஏன் வகுக்க வேண்டும்? கீழ்வகுப்புகளில் கற்ற இயற்கணித முற்றொருமையும் கோளத்தின் கன அளவும் இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன.

முத்தும் பங்கும்

பாண்டியரின் பழந்துறைமுகமாகிய கொற்கை, முத்தால் உலகறியப்பட்ட ஊர். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் முத்து கிடைக்கும் இடங்களை வரிசைப்படுத்தும்போது தாமிரபரணியையும் பாண்டிய நாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் பின்வாங்கக் கொற்கை உள்நாட்டு ஊராயிற்று; முத்து வணிகம் காயலுக்கும் பின்னர்த் தூத்துக்குடிக்கும் இடம் மாறியது.

மன்னார் வளைகுடாவின் கடலடியில் பாறைத் திட்டுகள் பல உள்ளன. கடலோர மக்கள் அவற்றைப் 'பார்' என்பர். முத்துச்சிப்பிகள் இப்பார்களில் ஒட்டி வாழ்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. சிப்பிகள் எல்லா ஆண்டுகளிலும் விளைவதில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து விளையும். பிறகு பல்லாண்டுகள் பார்கள் வெறுமையாகக் கிடக்கும்.

ஆங்கிலேயர் காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்கும் உரியதாக இருந்தது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயிற்று. குளித்தவர் தம் பங்கைச் சிப்பியாகவே விற்கலாம். திறந்து பார்த்து முத்தாகவும் விற்கலாம். நூற்றுக்கணக்கான சிப்பிகளைத் திறந்தால் கிடைப்பவை சில முத்துகளே. அவையும் ஒரே அளவின அல்ல. ஒன்று பட்டாணி போல இருக்கும். மற்றவை கடுகு போலவும் தினை போலவும் இருக்கும். அச்சிறு கைப்பிடி முத்துகளை வணிகரிடம் நீட்டும்போது, அவற்றை மொத்தமாக மதிப்பிடுவதா, பிரித்து மதிப்பிடுவதா என்பது குளித்தவரின் ஒரு பருவத்து உழைப்புக்குக் கிடைக்கும் கூலியையே மாற்றக்கூடிய வினா.

எடையும் எண்ணிக்கையும்

முத்து மதிப்பீட்டில் முதல் வேலை சலித்தல். துளையிட்ட பித்தளைத் தட்டுகள் பத்து இதற்குப் பயன்பட்டன. 'பெட்டி' எனப்பட்ட இத்தட்டுகளில் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்ற எண்ணிக்கையில் துளைகள் இருக்கும். துளைகள் மிகுதியாக மிகுதியாக ஒவ்வொரு துளையும் சிறியதாகும். இருபது துளைத் தட்டில் தங்கும் முத்து மிகப் பெரியது. அதில் நழுவியது அடுத்த தட்டில் தங்கும். அதிலும் நழுவியது அதற்கடுத்த தட்டுக்குப் போகும். ஒவ்வொரு தட்டிலும் தங்கியவற்றை வடிவும் ஒளியும் நோக்கி மேலும் தரம் பிரித்தனர். குறையற்ற உருண்டையும் தெளிந்த ஒளியும் உடையது ஆணிமுத்து. மிகச் சிறிய தூள்முத்துகள் எடைக்கே விலைபோயின. அவற்றுக்குச் செவ்வு பார்ப்பதில்லை.

இரண்டாம் வேலை நிறுத்தல். முத்தின் எடை அலகு மஞ்சாடி. மஞ்சாடி மரத்தின் செந்நிற விதை தந்த அளவு இது. கால் கிராமுக்கு அண்மையது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இவ்வழக்கம் மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அணிகலன்களில் கோத்த முத்துகளை எண்ணி, அவற்றின் நிறையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் குறிக்கின்றன. வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தி, கறடு என்று வடிவத்தையும் பிரித்துச் சொல்கின்றன. எண்ணிக்கையும் எடையும் சேர்ந்தே முத்தை விவரிக்கும் என்ற தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

மூன்றாவது செவ்வு காணல். சவ்வு என்றும் இச்சொல் வழங்கும். அதன் விதி வருமாறு:

செவ்வு = முக்கால் × (மஞ்சாடி எடை)² ÷ எண்ணிக்கை

ஒரே அளவுள்ள பத்து முத்துகள் சேர்ந்து 20 மஞ்சாடி எடையுள்ளன எனக் கொள்வோம். 20-இன் வர்க்கம் 400. அதில் முக்கால் 300. பத்தால் வகுக்க 30 செவ்வு. தரத்துக்கேற்ப ஒரு செவ்வுக்கு இவ்வளவு எனப் பேசி முடித்த விலையால் இதைப் பெருக்கினால் முத்துகளின் விலை கிடைக்கும். ஆணிமுத்துக்குச் செவ்வு விலை கூடுதல்; தரம் இறங்க இறங்க அது குறையும். செவ்வு விலையைக் கண்ணும் பேச்சும் முடிவு செய்யும். செவ்வின் எண்ணைக் கணக்கு மட்டுமே முடிவு செய்யும்.

வர்க்கம் காண்பது திண்ணைப் பள்ளியில் பயின்றோர்க்குக் கடினமான செயலன்று. எண்சுவடியில் குழிமாற்று என்றொரு வாய்பாடு உண்டு. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வரும் தொகையை அது தரும். முழு எண்களுக்குப் பெருங்குழி; பின்னங்களுக்குச் சிறுகுழி. நிலத்தில் ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரமே குழி. எண்ணின் வர்க்கத்துக்கும் நிலத்தின் சதுரத்துக்கும் தமிழ்க் கணக்கர் ஒரே சொல்லை ஆண்டனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. இயற்கணிதமும் வடிவியலும் அச்சொல்லில் பிரியாமல் நிற்கின்றன.

வர்க்கம் ஏன்?

அரிசியை எடைக்கு விற்கிறோம். இரு மடங்கு எடைக்கு இரு மடங்கு விலை. முத்து அவ்வாறு விலைபோவதில்லை. பெரிய முத்து அரிது. ஒரு மஞ்சாடி எடையுள்ள நான்கு முத்துகளைத் தேடிச் சேர்த்துவிடலாம். நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்தை அவ்வாறு சேர்க்க இயலாது. இந்த அருமைக்கு ஓர் அளவு வேண்டும். தனி முத்தின் மதிப்பு அதன் எடையின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று வணிகர் வைத்துக்கொண்டனர். இது இயற்கையின் விதியன்று. சந்தையில் பழகிப் பழகி நிலைத்த உடன்பாடு.

விதிப்படி, ஒரு மஞ்சாடி முத்து நான்குக்குச் செவ்வு 3. நான்கு மஞ்சாடி முத்து ஒன்றுக்குச் செவ்வு 12. இரண்டிடத்தும் எடை நான்கு மஞ்சாடியே. மதிப்போ நான்கு மடங்கு வேறுபடுகிறது.

எண்ணிக்கையால் வகுப்பது ஏன் என்பதும் இங்கேயே விளங்கிவிடும். மொத்த எடை எ. முத்துகளின் எண்ணிக்கை ந. எல்லா முத்தும் ஒரே அளவு. அப்படியானால் ஒரு முத்தின் எடை எ/ந. அதன் வர்க்கம் எ²/ந². அத்தகைய முத்துகள் ந உள்ளன; எனவே ந-ஆல் பெருக்க வேண்டும். ந × எ²/ந² = எ²/ந. ஒவ்வொரு முத்தையும் தனித்தனியே நிறுத்து, வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டிய நீண்ட வேலை, ஒருமுறை நிறுத்தலாகவும் ஒருமுறை எண்ணலாகவும் சுருங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான சிறு முத்துகள் கைமாறும் சந்தையில் இச்சுருக்கத்தின் அருமை பெரிது.

முக்கால் என்ற எண் ஒப்பீட்டில் எதையும் மாற்றாது. எல்லாச் செவ்வையும் அது ஒரே விகிதத்தில் குறைக்கிறது, அவ்வளவே.

கலந்தால் குறையும்

மேற்கண்ட சுருக்கத்தில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. 'எல்லா முத்தும் ஒரே அளவு' என்று கொண்டோம். அளவு வேறுபட்டால் என்ன நேரும்?

குளித்தவர் ஒருவரிடம் ஐந்து முத்துகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்று 4 மஞ்சாடி. மற்ற நான்கும் தலைக்கு 1 மஞ்சாடி. தரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. தனித்தனியே மதித்தால் பெரியதற்கு 12 செவ்வு, சிறியவை நான்குக்கும் சேர்த்து 3 செவ்வு, ஆக 15. மொத்தமாக நிறுத்தால் எடை 8 மஞ்சாடி, வர்க்கம் 64, முக்கால் 48, ஐந்தால் வகுக்க ஒன்பதே அரையே இருமா, அதாவது 9.6 செவ்வு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமற் போயிற்று. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. பெரிய முத்தை மட்டும் கொடுத்திருந்தால் 12 செவ்வு. அதனோடு நான்கு முத்துகளைக் கூடுதலாகக் கொடுத்ததால் மதிப்பு 9.6 ஆகக் குறைந்துவிட்டது. கூடுதலாகத் தந்தவர் குறைவாகப் பெறுகிறார்.

இது இவ்வெண்களுக்கு மட்டும் நேர்ந்த தற்செயலா? இரண்டே முத்துகளை எடுத்துப் பொதுவாகப் பார்ப்போம். எடைகள் அ, இ. முக்காலை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். தனித்தனி மதிப்பு அ² + இ². கலந்த மதிப்பு (அ + இ)²/2. முன்னதிலிருந்து பின்னதைக் கழிப்போம்.

அ² + இ² − (அ² + 2அஇ + இ²)/2 = (அ² − 2அஇ + இ²)/2 = (அ − இ)²/2

எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறையெண் ஆகாது. ஆகவே கலந்த மதிப்பு தனித்தனி மதிப்பைவிட ஒருபோதும் மிகாது. இரண்டும் சமமாவது அ = இ ஆகும்போது மட்டுமே. இழப்பு, எடை வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேறுபாடு இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். 4 மஞ்சாடி முத்தையும் 2 மஞ்சாடி முத்தையும் கலந்தால் இழப்பு ஒன்றரைச் செவ்வு. பெரியது அதுவாகவே இருக்க, சிறியது 1 மஞ்சாடியானால் இழப்பு மூன்றே காலே அரைக்கால், அதாவது 3.375 செவ்வு.

இதையே படமாகவும் வரையலாம். (அ + இ) பக்கமுள்ள பெருஞ்சதுரத்தில் அ பக்கமுள்ள ஒரு சதுரமும், இ பக்கமுள்ள ஒரு சதுரமும், அ நீளமும் இ அகலமும் கொண்ட இரு செவ்வகங்களும் அடங்கும். இரு செவ்வகங்களும் சேர்ந்து இரு சதுரங்களின் பரப்பை எட்டுவதில்லை. (அ − இ) பக்கமுள்ள ஒரு சிறு சதுரம் எப்போதும் எஞ்சும். அச்சிறு சதுரத்தின் பாதிதான் விற்பவரின் இழப்பு. தாளில் வரைந்து வெட்டிப் பொருத்திப் பார்ப்பவர்க்கு முற்றொருமையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

பெரிய முத்தோடு சிறிய முத்தைச் சேர்த்தால் எப்போது மதிப்பு உள்ளதினும் குறையும்? (அ + இ)²/2 என்பது அ²-ஐவிடச் சிறியதாகும்போது. அதாவது (அ + இ)² < 2அ². அ பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் எழுப்பிய சதுரமே 2அ² என்பதைப் பித்தாகரசு தேற்றம் சொல்கிறது. இரு முத்துகளின் கூட்டெடை அம்மூலைவிட்டத்தை எட்டவில்லையானால் இரண்டாம் முத்தைச் சேர்ப்பது வீண். சேர்க்காமல் இருப்பதே நலம். மூலைவிட்டம் ஏறத்தாழ 1.414 அ. எனவே எல்லை 0.414 அ. பெரியதன் எடையில் ஐந்தில் இரு பங்கைச் சற்றே தாண்டிய அளவு இது.

பத்துத் தட்டுகள் எதற்கு என்ற வினாவுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. சலிப்பது முத்துகளை அழகாக அடுக்குவதற்கன்று. ஒவ்வொரு தட்டிலும் எடைகள் நெருங்கியிருந்தால்தான் எ²/ந என்ற சுருக்கம் உண்மைக்கு அருகில் நிற்கும். சலிக்காமல் செவ்வு பார்த்தால் ஆதாயம் வாங்குபவர் பக்கம் மட்டுமே சாயும். விற்பவர் பக்கம் சாயவே சாயாது. (அ − இ)² என்னும் சிறு கோவையில் யாருக்கு நட்டம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

விட்டமும் எடையும்

தட்டு அளப்பது விட்டத்தை. தராசு அளப்பது எடையை. இரண்டையும் இணைப்பது கோளத்தின் கன அளவு. ஆரத்தின் மும்மடியைப் பையால் பெருக்கி, மூன்றில் நான்கு பங்கால் மீண்டும் பெருக்கினால் அது கிடைக்கும். முத்துகளின் அடர்த்தி ஒன்றே எனக் கொண்டால், விட்டம் இரு மடங்காகும்போது எடை எட்டு மடங்கு. எடையின் வர்க்கமே மதிப்பு. எனவே செவ்வு அறுபத்து நான்கு மடங்கு. செவ்வு, விட்டத்தின் ஆறாம் படியோடு வளர்கிறது.

ஆறாம் படியின் வேகம் வியப்பூட்டுவது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் கண்ணுக்கு அது எளிதில் தெரியாது. எடையோ 1.331 மடங்காகும், செவ்வு 1.77 மடங்காகும். கண்ணை நம்பி மதிப்பிடுபவர் இங்கே பெரிதும் ஏமாறுவார். தராசும் தட்டும் இன்றி முத்து வாங்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

முன்னர்க் கண்ட 0.414 என்ற எல்லையை விட்டமாக மாற்றிப் பார்க்கலாம். முக்காலின் மும்மடி 27/64, அதாவது ஏறத்தாழ 0.42. ஆகவே பெரிய முத்தின் விட்டத்தில் முக்கால் பங்கினும் தெளிவாகச் சிறியதாக உள்ள முத்து, பெரியதோடு சேர்ந்து அதன் மதிப்பைக் கீழே இழுக்கும். விதியில் வரும் முக்காலுக்கும் இந்த முக்காலுக்கும் தொடர்பில்லை.

இக்கணக்கு தூத்துக்குடியோடு நின்றதன்று. பம்பாய் வணிகர் டாங்க் என்னும் எடையை வர்க்கப்படுத்தி, 330-ஆல் பெருக்கி, எண்ணிக்கையால் வகுத்தனர். பாரசீக வளைகுடாவின் முத்துச் சந்தைகளிலும் இதே சொல் சிறிது திரிந்து வழங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு மணி வணிகர் தாவெர்னியே, வைரத்தின் விலையை எடையின் வர்க்கத்தால் காணும் முறையைத் தம் பயண நூலில் எழுதினார். பெருக்கும் எண்ணும் எடை அலகும் ஊருக்கு ஊர் மாறின, வர்க்கம் மாறவில்லை.

வளர்ப்பு முத்து

தூத்துக்குடியில் இயற்கை முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடைபெற்று ஓய்ந்தது. 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கே. அழகர்சுவாமியின் முயற்சியால் உருண்டை வடிவ வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. சிப்பிக்குள் ஓட்டால் ஆன சிறு மணியை வைத்தால், அதன்மீது சிப்பி முத்துப்பொருளைப் படலம் படலமாகப் பூசும்.

செவ்வுக் கணக்கு இங்கே பொருந்துமா? 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணியின்மீது அரை மில்லிமீட்டர்ப் பூச்சு ஏறுவதாகக் கொள்வோம். முத்தின் விட்டம் 4 மில்லிமீட்டர். கன அளவுகளின் விகிதம் 27-க்கு 64. அரை மில்லிமீட்டர்ப் பூச்சு, முத்தின் பருமனில் 64-இல் 37 பங்கு, பாதிக்கும் மேல். மெல்லிய தோல் என்று தோன்றுவது உண்மையில் பெரும்பங்காக இருப்பது கோளத்தின் இயல்பு. ஆயினும் எஞ்சிய 27 பங்கு மனிதர் வைத்த மணி. தராசு அதையும் சேர்த்தே நிறுக்கும்; வர்க்கம் அதையும் சேர்த்தே பெருக்கும். பூச்சின் எடையை மட்டும் கொண்டு கண்டால், முழு எடை காட்டும் செவ்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வரும். முத்து முழுவதும் சிப்பியின் ஆக்கமாக இருந்த காலத்துக்கு எழுதப்பட்ட விதி, மணி வைத்த முத்துக்கு அப்படியே செல்லாது.

கற்பவை கற்றபின்

1. ஒரு தட்டில் தங்கிய 12 முத்துகளின் மொத்த எடை 6 மஞ்சாடி. செவ்வைக் கண்டு, அதைத் தமிழ்ப் பின்னப் பெயரால் எழுதுக.

2. 1, 2, 3 மஞ்சாடி எடையுள்ள மூன்று முத்துகளைத் தனித்தனியாகவும் மொத்தமாகவும் மதித்து, விற்பவரின் இழப்பைக் கணக்கிடுக.

3. தலைக்கு அ மஞ்சாடி எடையுள்ள ம முத்துகளையும், தலைக்கு இ மஞ்சாடி எடையுள்ள ந முத்துகளையும் கலந்தால் ஏற்படும் இழப்பு, முக்காலை ஒதுக்கிப் பார்க்க, மந(அ − இ)²/(ம + ந) என நிறுவுக. பாடத்தில் வந்த ஐந்து முத்துகளுக்கு இதைப் பொருத்திச் சரிபார்க்க.

4. ஒரே பரப்புள்ள இரு தட்டுகளில், துளைகளும் இடைவெளிகளும் ஒரே விகிதத்தில் அமைந்துள்ளன எனக் கொள்க. இருபது துளைத் தட்டின் துளை விட்டம், எண்பது துளைத் தட்டின் துளை விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு? அவ்விரு துளைகளின் விட்டமே உள்ள முத்துகளின் செவ்வுகள் எவ்விகிதத்தில் அமையும்?

5. உங்கள் ஊர்ச் சந்தையில் பொன், மீன், உப்பு, பூ ஆகியவற்றை அளக்க முதியோர் வழங்கிய அளவுப் பெயர்களைக் கேட்டுத் தொகுத்து, எவை எடையாலும் எவை எண்ணிக்கையாலும் விலைபெற்றன என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.